பஞ்சு வாய் திறந்த நாள்

கான்வாஸ் ஷூவின் கயிற்றைக் கட்டப் பஞ்சுவின் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. முடிச்சுப் போடப் போட அவிழ்ந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் பொறுக்கமாட்டாமல் குனிந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"அண்ணி, வாயை மட்டும் திறந்துடாத" என்றாள்.

"நான் எப்ப திறந்தேன்" என்றாள் பஞ்சு. தன் குரலே வேறு யாருடையதோபோல அவளுக்குக் கேட்டது.

கால்ஃப் ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவருக்குக் கேடி என்று பெயர். வெளியே போய்ச் சொன்னால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால், கேடிகள் காத்திருக்கிற ஷெட்டில் எல்லாரும் "கிளப்பில் வேலை" என்று சொல்லி மழுப்பிவிடுவார்கள். பஞ்சு அதில் பழம் தின்று கொட்டை போட்டவள். நடந்தால் சத்தம் கேட்காது, முதுகுக்குப் பின்னால் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. அதனால்தான் பஞ்சு என்ற பட்டப்பெயர்.

இப்போது அந்த வேலைக்கே ஆபத்து. கிளப்பில் பேட்டரி வண்டிகள் வந்து இறங்கியிருந்தன. பையை வண்டி சுமக்கும், குழி எவ்வளவு தூரம் என்பதைக் கைபேசி சொல்லும். கேடி கூட வந்தால் ஆட்டம் நன்றாக வரும் என்பதெல்லாம் சும்மா ஒரு பிரமை என்று கமிட்டியில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பாதி ஒத்துக்கொள்ளவில்லை. பேசி அலுத்துப்போய் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற, மகா சுமாரான ஐந்து பேரைப் பிடித்தார்கள். ஒரு வாரம் வண்டியோடு தனியாக, அடுத்த வாரம் கேடியோடு. இந்த ஆட்டத்தில் அடி குறையக் குறையத்தான் கெட்டிக்காரத்தனம். கேடியோடு ஆடும்போது அடி குறைந்தால் கேடிக்கு ஒரு ஓட்டு, குறையாவிட்டால் வண்டிக்கு ஓட்டு.

நான்கு பேர் ஆடி முடித்ததில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. பாக்கி இருந்தவர் பஞ்சு பை தூக்குகிற பல் டாக்டர். போன வாரம் வண்டியோடு ஆடி நூற்றி நான்கு அடி அடித்திருந்தார். இன்று அதற்குக் கீழே வராவிட்டால் ஷெட்டை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள். அங்கே பை தூக்குகிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. போன வார அடியோடு ஒத்துப் பார்க்கிறார்கள் என்பது ஆடுகிறவருக்குத் தெரியும், ஷெட்டின் கதி மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் இரக்கப்பட்டு முக்கி முக்கி ஆடுவார், பரீட்சை கெட்டுப்போகும் என்று கமிட்டி பயந்தது. சொன்ன கேடிக்கு அன்றோடு சீட்டுக் கிழியும். அடி எண்ணுவதற்கென்று கமிட்டியிலிருந்து ஒருவரும் கூடவே நடப்பார். அவர் ஓய்வு பெற்ற ஆடிட்டர். சிரித்தால்கூட எத்தனை பல் தெரிகிறதென்று எண்ணிவிட்டுத்தான் சிரிப்பார் என்று ஷெட்டில் பேச்சு. கால்குலேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால்.

பஞ்சு பையைத் தோளில் மாட்டினாள். கணவனும் இதே ஷெட்டில் பை தூக்கியவன்தான். இடுப்பில் தட்டு விலகி, இப்போது திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டும். வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் அவளும் நாத்தனாரும்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஷெட். போனால் இரண்டு வேலையும் ஒன்றாகப் போகும்.

ஆட்டம் தொடங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், டாக்டர் அன்று பிரமாதமாக ஆடினார். பயம் முழுவதும் அவளிடம் இருந்தது, அவர் காற்று வாங்க வந்தவர்போல இருந்தார். அவள் எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். பந்தைத் துடைத்து உள்ளங்கையில் பொத்திவைத்து வெதுவெதுப்பாகக் கொடுத்தாள். அவர் "ஏழா, எட்டா?" என்று மட்டை நம்பர் கேட்டால், யோசிக்காமல் "ஏழு சார்" என்று உருவிக் கொடுத்தாள். உண்மையில் ஏழா எட்டா என்று அவளுக்கும் திட்டமாகத் தெரியாது. தயங்காமல் கொடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பந்து புதருக்குள் போனால் "அது போச்சு சார், வாங்க" என்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. அவரும் போனதை விட்டுவிட்டு வந்துவிடுவார். வண்டிக்கு இதைச் சொல்லத் தெரியாது.

முக்கால்வாசி ஆட்டம் முடிந்தபோது அவள் மனக்கணக்கில் போன வாரத்தைவிட எட்டு அடி மிச்சம் பிடித்திருந்தார். நிம்மதி வரவேண்டிய இடம். அவளுக்கோ அங்கேதான் பயம் உச்சிக்கு ஏறியது. ஒன்றுமே இல்லாதபோது இழக்க என்ன இருக்கிறது? கைக்கு வந்த பிறகு நழுவினால்தானே வலிக்கும். குளக்கரையில் இருந்த மேட்டுக்கு வந்து பந்தை எடுத்து நீட்டினாள். பந்து தவறிக் கீழே விழுந்து உருண்டது.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே எந்தப் பல் என்று கண்டுபிடித்துவிடுகிற பார்வை அது. காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றாள். உதடெல்லாம் வெளுத்திருக்கிறதே என்றார். நல்ல மனுஷன், அதுதான் வினையாகப் போயிற்று.

"நீ போய் உக்காரும்மா. வண்டியை வரச்சொல்லிப் பையை அதுல போட்டுக்கறேன். மிச்சத்தை நானே ஆடிக்கறேன்" என்று சொல்லிப் பைக்குக் கை நீட்டினார்.

பஞ்சு பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கால்குலேட்டர் எட்டத்தில் குளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பையைக் கொடுத்தால் பரீட்சை அங்கேயே முடிந்துவிடும், வண்டிதான் ஜெயிக்கும். அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. யோசித்திருந்தால் தலைசுற்றல் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பயந்தவளுக்கு யோசனை ஏது?

"போகச் சொல்லாதீங்க சார்" என்றாள். குரல் கிசுகிசுத்தது. "இன்னைக்கு நீங்க நூத்தி நாலுக்குக் கீழ முடிக்கலேன்னா ஷெட்டை மூடிடுவாங்க. எங்க எல்லாருக்கும் வேலை போயிடும். எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடக்கறார். நான் சொன்னேன்னு மட்டும் தெரிஞ்சுடக்கூடாது சார்."

டாக்டர் கை நீட்டியபடியே நின்றார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். "சரிம்மா. நீ கவலைப்படாத" என்றார். சொல்லும்போதே அவர் கண் குளத்தின் அகலத்தை அளந்ததைப் பஞ்சு பார்த்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

அடுத்த பந்து குளத்துக்குள் போனது. இன்னொன்று வைத்தார், அதுவும் போனது. மூன்றாவது பந்து கரையேறியது, ஆனால் மணல் குழியில் போய்ப் படுத்துக்கொண்டது. மணலில் இருந்து வெளியே வருவதற்குள் டாக்டரின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. "அது போச்சு சார், வாங்க" என்றாள் பஞ்சு. அவர் வரவில்லை, போனதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவளைத் திரும்பிப் பார்த்தார், ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் "மன்னிச்சுக்கம்மா" என்றார். ஏழா எட்டா என்று கேட்கவே இல்லை. கொடுத்ததை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், மறுபடி வாங்கினார். இத்தனை வருஷம் அவருடைய சாமானை அவள் சுமந்தாள். இன்று அவளுடைய வீடு, கட்டில், கட்டிலில் கிடக்கிற மனுஷன், நாத்தனார், ஷெட்டு எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, அடியுங்கள் சார் என்று நிற்கிறாள். யாரால் அடிக்க முடியும்?

எட்டு, ஆறாகி மூன்றாகி ஒன்றானது. கால்குலேட்டர் ஒவ்வொரு அடியையும் அட்டையில் குறித்தார், அவர் பென்சில் முனை காகிதத்தில் கிறீச்சிடுவதுகூட அவளுக்குக் கேட்டது. டாக்டர் எண்ணுவதை நிறுத்தியிருந்தார். எவ்வளவு ஆச்சு என்று சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டார். பஞ்சு எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை.

கடைசிக் குழி. பந்து எப்படியோ புல் வழித்த தரைக்கு வந்து சேர்ந்திருந்தது. குழி நன்றாக எட்ட இருந்தது. இரண்டு அடியில் உள்ளே தள்ளினால் நூற்றி மூன்று. மூன்று அடி எடுத்தால் நூற்றி நான்கு, அதோடு சரி. டாக்டர் மட்டையைப் பிடித்திருந்தார், மட்டையின் நுனி தரையில் தட்தட்டென்று தட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கையோடு நின்றால் மூன்றென்ன, நாலுகூட ஆகும்.

பஞ்சு அவர் பக்கத்தில் போனாள். துண்டால் மட்டையின் பிடியைத் துடைப்பதுபோலக் குனிந்தாள்.

"சார், நாம எப்பவோ ஜெயிச்சாச்சு, இன்னும் நிறைய அடி மிச்சம் இருக்கு. நான் எண்ணிட்டேதான் வரேன். இனிமே இது சும்மா. தள்ளி விட்டுட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"நிஜமாவா?"

"நிஜமா சார்."

கிசுகிசுப்புத்தான், ஆனால் திறந்தவெளியில் கிசுகிசுப்புக்குக்கூட நீண்ட காது. குழியில் நட்டிருந்த கொடியை உருவிப் பிடித்துக்கொண்டிருந்த கால்குலேட்டரின் புருவம் ஏறியது. அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டர் பந்தின் முன்னால் நின்றுவிட்டார். ஆடுகிறவர் பந்தின் முன்னால் நின்றுவிட்டால் யாரும் பேசக்கூடாது. தும்மல் வந்தாலும் விழுங்கவேண்டும். இந்த ஆட்டத்தில் எதை மீறினாலும் அதை மீறமாட்டார்கள், அதிலும் கால்குலேட்டர் உயிரே போனாலும் மீறமாட்டார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பஞ்சு அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் எந்த வாயையும் அவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை.

டாக்டர் தோளைத் தளர்த்தினார். பழைய ஞாயிற்றுக்கிழமை ஆள்போலத் தள்ளிவிட்டார். பந்து மெதுவாக ஏறி, வளைந்து, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் நடந்த நடையிலேயே போய், நிற்காமல், அதைத் தட்டி உள்ளே போட்டார்.

"எவ்வளவுல ஜெயிச்சோம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நூற்றி மூன்று. ஒரே அடியில்" என்றார் கால்குலேட்டர்.

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. குழியைப் பார்த்தார். பஞ்சுவைப் பார்த்தார். பிறகு புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கால்குலேட்டர் அட்டையோடு கமிட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஞ்சு வெளியே சுவரோரம் நின்றாள். வாய் விட்டதையும் கண்டுபிடித்திருப்பாரோ, பொய்க்கும் சேர்த்து அடி கூட்டுவாரோ, ஒரு அடி கூடினாலே போதுமே என்று அவள் எண்ணம் ஓடியது. நாத்தனார் ஷெட் வாசலிலிருந்து கையை ஆட்டி என்ன என்று கேட்டாள். பஞ்சு கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"விதிப்புத்தகம் முழுக்கப் பார்த்துட்டேன்" என்றார் கால்குலேட்டர், ஏமாந்துபோன குரலில். "கேடி பொய் சொன்னா அடி கூடும்னு எங்கயும் போடலை."

ஷெட் பிழைத்தது. நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். எல்லாரும் பஞ்சுவை ராணிபோல உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். கிளாஸைப் பிடிக்க முடியாமல் மடியில் சிந்திக்கொண்டாள், அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் சீக்கிரமே வந்து, பல் டாக்டரின் பையைத் துடைத்து வைத்திருந்தாள். டாக்டர், கேடிகளுக்கு ஆள் பிரித்துவிடுகிற மேஸ்திரியிடம் ஏதோ தணிந்த குரலில் பேசிவிட்டு அவளிடம் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நினைக்காதம்மா. நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்லலை. வாரம் முழுக்க யோசிச்சேன். உன்னைப் பாத்தா உங்க வீடு ஞாபகம் வருது, கை நடுங்குது. ஒரு பல்லுகூட ஒழுங்காப் பிடுங்க முடியலை. எனக்கு வேற யாராவது..."

"பரவால்ல சார்" என்றாள் பஞ்சு.

மேஸ்திரி பையை எடுத்து நாத்தனாரின் தோளில் மாட்டினார். நாத்தனாருக்கு முகம் கடுத்துவிட்டது, வரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றாள். பஞ்சு அவளை ஓரமாக இழுத்து, அவருக்குப் பந்தைச் சூடாகக் கொடுக்கவேண்டும், மட்டை கேட்டால் தயங்கக்கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கடைசியாகத்தான் அதைச் சொன்னாள்.

"நடுவுல வீட்டைப் பத்திக் கேப்பார். எல்லாரும் சௌக்கியம்னு சொல்லு."

"கிடக்கறது என் அண்ணன். சௌக்கியம்னா சொல்லணும்?"

"சொல்லணும்."

அவர்கள் போனார்கள். பஞ்சு ஷெட்டுக்குள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பயம் போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் அழுகை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டம் தொடங்கும் முதல் மேட்டிலிருந்து டாக்டர் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு நாத்தனாரின் குரல், பளிச்சென்று: "எல்லாரும் சௌக்கியம் சார்."

அதன்பின் மட்டை பந்தில் படுகிற சத்தம். சத்தத்திலேயே தெரிந்தது, நல்ல அடி.