வேதாளுக்குத் தேங்காய்

ஆனந்தவல்லியின் உயிருக்கு விலை ஐந்து ரூபாய். நான் வைத்த விலை இல்லை. என்னைக் கேட்டிருந்தால் கூட்டித்தான் சொல்லியிருப்பேன், கடைக்காரன் பழக்கம். ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பிஸ்கட். அந்த ஜூலைக் காலையில் நாய் அவளிடம் வாங்கிக்கொண்டது அவ்வளவுதான்.

மராட்டியப் பக்கம், சிஞ்ச்வட்டில், எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு தெருநாய் படுத்துக் கிடக்கும். என் மனைவி விடிந்ததும் போய் அதற்கு பிஸ்கட் போட்டுவிட்டு வருவாள். அன்றைக்கு மழைப்பாசியில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கத்திப் பார்த்தாள், பம்ப் ஓடும் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நாய் வாசலுக்கு ஓடி வாட்ச்மேனைப் பார்த்துக் குரைத்திருக்கிறது. அவன் கம்பை ஓங்கினான். உடனே அது அவனுடைய குடையைக் கவ்விக்கொண்டு ஓட ஆரம்பித்தது. குடைக்காகத் துரத்தி வந்தவன்தான் ஆனந்தவல்லியைக் கண்டான். மனிதனை எதைக் காட்டி வரவழைக்கலாம் என்று தெரிந்த நாய். அந்த ஒரு காரணத்துக்காகவே அதைக் கடையில் வேலைக்கு வைத்திருப்பேன்.

பட்டுப்புடவைக் கடை. அப்பா கும்பகோணத்திலிருந்து வந்து லக்ஷ்மி ரோட்டில் ஆரம்பித்தார். நான் கல்லாப்பெட்டிக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்தவன். பேச்சு முதலில் வந்ததா பேரம் முதலில் வந்ததா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவள் கட்டிலை விட்டு இறங்க மறுத்தாள். தினமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்காவிட்டால் பிறகு நடக்கவே முடியாமல் போகும் என்றார் டாக்டர். நான் கெஞ்சினேன், மகள் மிரட்டினாள். "நாளைக்குப் பாக்கலாம்," என்பாள் ஆனந்தவல்லி. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். மூன்றாவது வாரம், நாயை மேலே கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். நாய் காலையில் வெளியே போக வேண்டுமே, அதற்காக எழுந்தாள். அது நான்கடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து நிற்கும். இவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்ததும் அடுத்த நான்கடி போகும். பதினைந்தே நாளில் வாசல் வரை போய் வந்தார்கள்.

அப்போதுதான் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி மீட்டிங். தீர்மானம் எண் நான்கு: பி-12இல் வைத்திருக்கும் தெருநாயை வெளியேற்றுவது. கொண்டுவந்தவர் இரண்டாம் மாடி சுந்தரராமன், ராணுவக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஊர்க்காரர். நாய் வளர்ப்பதைச் சொசைட்டி தடுக்க முடியாது, சட்டம் நம் பக்கம் என்றாள் என் மகள். இருக்கட்டும். சட்டப்படி ஜெயித்துவிட்டுப் பத்து வருடம் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க எனக்கு இஷ்டமில்லை.

"அது போச்சுன்னா நான் மறுபடி கட்டில்லதாங்க," என்றாள் ஆனந்தவல்லி. மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்பதுபோலச் சொன்னாள். அதனால்தான் பயந்தேன்.

நோட்டீஸை இரண்டு தடவை படித்தேன். 'தெருநாய்' என்று போட்டிருந்தது. சீட்டு ஒட்டாத சரக்கை யார் வேண்டுமானாலும் தூக்கி வெளியே போடலாம். முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

சனிக்கிழமை மகள் ஸ்ரீரஞ்சனி பாணேரிலிருந்து வந்தாள். அங்கே ஐடி வேலை, தனி ஃப்ளாட். சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

"பயங்கரமா இருக்கணும்ப்பா. அசுரன் பேரா வெப்போம். அப்பதான் அந்த அங்கிள் கிட்ட வரமாட்டாரு. ராவணன்?"

"பத்துத் தலைக்கும் சேத்து லைசென்ஸ் ஃபீஸ் கேப்பான் கார்ப்பரேஷன்ல."

"ஹிரண்யகசிபு?"

"கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அது தளேகாவ் போய்ச் சேந்துடும்."

"கும்பகர்ணன்?"

மூவரும் குனிந்து பார்த்தோம். சோபாவுக்கு அடியில் நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"பொருத்தம்தான்," என்றேன். "ஆனா காவல் நாய்னு சொல்லப்போறோம். சரக்கோட கொறைய நாமளே சீட்டுல எழுதி ஒட்டணுமா?"

"அப்ப பகாசுரன்."

"அது வேணாம்," என்றாள் ஆனந்தவல்லி. "எதுத்த வீட்டம்மா ஏற்கெனவே எத்தன சப்பாத்தி போடறேன்னு எட்டி எட்டிப் பாக்கறா. கண்ணு படும்."

"அம்மா, அப்ப ஒங்களுக்கு என்ன பேருதான் வேணும்?"

"மணின்னு வெய்யேன்."

"மணியப் பாத்து எவன்மா பயப்படுவான்?" ஸ்ரீரஞ்சனி திடீரென்று நிமிர்ந்தாள். "இருங்க. வாட்ச்மேன் இத எத்தன வாட்டி வெரட்டினான்? நாலு வாட்டி. திரும்பித் திரும்பி வந்துதில்ல? வேதாளம்! ஷார்ட்டா வேதாள். வேதாள் டேக்டி மாதிரி, சூப்பரா இருக்குல்ல?"

அவள் சனிக்கிழமை தவறாமல் ஓடப் போகிற குன்று அது. அது யாருடைய குன்று என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்குத் தெரியும். தமிழில் வேதாளம் பேய். இங்கே வேதாள் சிந்தூரம் பூசிய தெய்வம், எல்லை காப்பவர். எங்கள் கடையில் புடவை மடிக்கிற மராட்டியர் அமாவாசையன்று அவரைக் கும்பிடாமல் ஒரு மடிப்புக்கூட வைக்க மாட்டார். எங்கள் சொசைட்டி செகரட்டரி வைஷாலி தாயிக்கும் அவரே குலதெய்வம். தாயி என்றால் இங்கே அக்கா. மாதாமாதம் அவர் தேங்காயும் கையுமாகக் கேட்டைத் தாண்டிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். இத்தனையும் தெரிந்து, "நல்ல பேரு," என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் ஆனந்தவல்லி பால்கனியில் நின்று கீழே பார்த்துக் கூப்பிட்டாள். "வேதாள்! ஏ வேதாள், சோறு தின்ன வா!"

கீழே கொத்தமல்லிக் கட்டோடு வந்துகொண்டிருந்த வைஷாலி தாயி அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது நிமிடம் எங்கள் காலிங்பெல் அடித்தது. அவர் மராட்டியில் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன்; இதில் சூடு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அண்ணா, என்ன அநியாயம் இது? எங்க தெய்வத்தோட பேரு. அதச் சொல்லி நாயச் சோத்துக்குக் கூப்பிடறீங்களா? மொதல்ல பேர மாத்துங்க!"

ஆனந்தவல்லி வெளிறிப்போனாள். "ஐயையோ, சாமியா? எங்க பக்கம் அது பேய் தாயி, சத்தியமா தெரியாது. இப்பவே மாத்தி..."

நான் இருமினேன். கடைக்காரன் பெண்டாட்டிக்கு அந்த இருமலுக்கு அர்த்தம் தெரியும். நிறுத்திக்கொண்டாள்.

"மன்னிக்கணும் தாயி," என்றேன். "லைசென்ஸ் அப்ளிகேஷன்ல எழுதிட்டமே. நாளைக்கு மீட்டிங்தானே, அங்க வெச்சே பேசிடுவோம்."

அவர் போனதும் ஆனந்தவல்லி வாக்கரை ஒரு தட்டுத் தட்டினாள். "சாமியோடயா வெளையாடறீங்க?"

"அவங்க என்ன கேட்டாங்க? பேர மாத்துன்னாங்க. நாய வெளிய அனுப்புன்னு ஒரு வார்த்த சொன்னாங்களா?"

யோசித்தாள். "சொல்லல."

புடவையே வேண்டாம் என்பவள் முந்தானை நிறத்துக்காகச் சண்டை போட மாட்டாள். சண்டை போட ஆரம்பித்துவிட்டால் பில் போடத் தயாராகலாம்.

"சாமி பேர ஒரு நாளைக்குக் கைமாத்தா வாங்கியிருக்கேன்," என்றேன். "திருப்பிக் குடுத்துடுவேன்."

மீட்டிங் கார் பார்க்கிங்கில். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆனந்தவல்லி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாயின் கயிற்றை வாக்கர் காலில் கட்டியிருந்தாள். முதல் மூன்று தீர்மானங்கள் முடிந்ததும் சுந்தரராமன் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ரெசல்யூஷன் நம்பர் ஃபோர். பி-12இல் உள்ள தெருநாய்..."

"தெருநாய் இல்ல சார், அதுக்குப் பேர் இருக்கு," என்றேன். "பேரோட எழுதிடுவோம். நாளைக்கு எந்த நாய்னு தகராறு வரக்கூடாது. கணக்குத் துறைல இருந்த உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் நியாயஸ்தர். துல்லியம் என்றால் உருகிவிடுவார். "வாஸ்தவம். பேரைச் சொல்லும்."

"வேதாள்."

மினிட்ஸ் நோட்டில் ஓடிக்கொண்டிருந்த வைஷாலி தாயியின் பேனா நின்றது. அவர் மராட்டியில் எழுத வேண்டிய வாக்கியம் இது: வேதாளை இந்த வளாகத்தை விட்டு வெளியேற்றத் தீர்மானிக்கப்பட்டது. எழுதி, உரக்கப் படித்து, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சுந்தரராமனுக்கு அடுத்த கையெழுத்தாகப் போட ஒப்புக்கொண்டிருந்த ஏ-விங் காளே தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"என் கையால இத எழுத மாட்டேன்," என்றார் வைஷாலி தாயி. "மொதல்ல பேர மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

"மாத்தறேன் தாயி. என்ன பேருன்னு நீங்க எல்லாருமே சொல்லுங்க. காவல் நாய், அதனால அசுரன் பேரா மட்டும் இருக்கட்டும்."

கல்யாண கோஷ்டி ஒன்று கடைக்குள் வந்தால் ஒரு புடவையைக் காட்டக் கூடாது. ஐம்பதை விரித்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கி நின்றேன்.

ராவணன் என்றார் ஒருவர். "எங்க மாமனார் ஊர்ல ராவணனுக்கு ஆரத்தி எடுப்பாங்க," என்று ஓர் அம்மாள் தடுத்தார். மஹாபலி என்றார் இன்னொருவர். நாலு பேர் எழுந்துவிட்டார்கள்: பலி ராஜாவையா? தீபாவளிக்குக் கும்பிடுகிறவரையா? எந்த அசுரனைத் தொட்டாலும் எவர் வீட்டிலோ அவனுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கும்பகர்ணனும் ராவணனும் அண்ணன் தம்பியா, சித்தப்பா பிள்ளைகளா என்று காளே சந்தேகம் கிளப்பினார். அரை மணி நேரம் ஓடியது. சுந்தரராமன் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். தப்பான கூட்டலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் அவர் எத்தனை நேரம்தான் இருப்பார்?

"ஒருத்தருக்கும் புராணம் தெரியலை!" என்று எழுந்தார். முதலில் ஹிந்தியில் விளக்கினார், பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "கடோத்கஜன்னு வையும் ஓய். அம்மா ராட்சசி. ஆனா கடைசி வரைக்கும் நல்லவா பக்கம் நின்னான். நெனைச்சா வந்து நிப்பான். காவலுக்கு இதைவிட என்ன வேணும்?"

பார்க்கிங் முழுவதும் தலையாட்டியது. நான் மட்டும் அசல் விலைக்கும் கீழே கேட்டவரைப் பார்க்கிற முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ரொம்பப் பெரிய பேரா இருக்கே சார். வேதாள்னா வாய்க்குச் சுளுவா..."

"கடோத்கஜன்தான்! எழுதுங்கோ மேடம்."

"சரி சார். உங்களுக்காக ஒத்துக்கறேன்."

வைஷாலி தாயி எழுதி உரக்கப் படித்தார். தீர்மானம் எண் நான்கு: பி-12 நாய்க்குக் கடோத்கஜன் எனப் பெயர் சூட்டப்படுகிறது. முன்மொழிந்தவர், சுந்தரராமன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். காளே பேனாவைத் திரும்ப எடுத்து வழிமொழிந்தார். தீர்மானம் ஐந்து தண்ணீர் லாரி. கூட்டம் மொத்தமும் லாரிக்காரனைத் திட்டப் போய்விட்டது. ஆனந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

லிஃப்டுக்கு நிற்கும்போது சுந்தரராமன் மெதுவாகத் திரும்பினார். "ஓய் கிருஷ்ணஸ்வாமி. நம்பர் ஃபோர், நாயை வெளில அனுப்பறதுதானே?"

"ஆமா சார்."

"நான் எதுல கையெழுத்துப் போட்டேன்?"

"பேர் வெக்கறதுல சார். எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு நாயைப் பார்த்தார். அது அவருடைய செருப்பின் மேல் வாகாக உட்கார்ந்திருந்தது.

"மத்தியானம் நான் தூங்கற நேரத்துல கொலைச்சான்னா?"

"பேரச் சொல்லி அதட்டுங்க சார். நீங்க வெச்ச பேருதானே, கேப்பான்."

"உம்ம கடைப் பக்கமே வர மாட்டேன் ஓய்," என்று செருப்பை உருவிக்கொண்டு மாடிப்படியில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை வைஷாலி தாயி வந்தார். காபி வேண்டாம் என்றார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பேர மாத்தினது சரி அண்ணா. ஒரு நாள் முழுக்க நாயை அந்தப் பேரால கூப்பிட்டதுக்கு? பதினோரு தேங்காய் அபராதம்."

"தெரியாம வெச்ச பேருக்குப் பதினொண்ணா? ஒண்ணு."

"தெரியாமலா?" சிரித்தார். "அண்ணிக்குத் தெரியாது, பொண்ணுக்குத் தெரியாது, நம்பறேன். லக்ஷ்மி ரோட்டுல பொறந்தவருக்குமா வேதாள் யாருன்னு தெரியாது?"

சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"போகட்டும்," என்றார். "ஒண்ணுன்னா ஒண்ணு. அமாவாசைக்கு ஒரு தேங்காய். நாய் இருக்கற வரைக்கும்."

பதினொன்றிலிருந்து ஒன்று! அவர் மனசு மாறுவதற்குள் "முடிஞ்சுது தாயி," என்று கும்பிட்டுவிட்டேன். அவர் படியிறங்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன். நாய்க்கு மூன்று வயது என்றார் மிருக டாக்டர். பன்னிரண்டு வரை இருக்கும் என்று வைத்தாலும் ஒன்பது வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு அமாவாசை, நூற்றெட்டுத் தேங்காய். பதினொன்று கேட்டு, ஒன்றுக்கு இறங்கி வந்து, நூற்றெட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அப்பா இருந்திருந்தால் அந்த அம்மாளைக் கல்லாவில் உட்கார வைத்திருப்பார்.

சாமி என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஆனந்தவல்லி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு முதல் அமாவாசை வந்தது. பழைய ஊர்க்கோடியில் இருக்கிற வேதாளின் சிந்தூரக் கல் வரை அவளும் கூட வந்தாள். அன்றைக்கு வாக்கர், இப்போது கைத்தடிதான். கடோத்கஜன் நான்கடி முன்னால் போகிறான், நின்று திரும்பிப் பார்க்கிறான். கல்லுக்கு முன்னால் நான் தேங்காயை உடைக்கிறேன், சில்லு அவனுக்கு.

கடை லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி வைத்திருந்தேன். நேற்று ஆனந்தவல்லி அதைப் பார்த்துவிட்டாள்.

"பன்னெண்டு வயசுன்னு யாரு சொன்னா? நல்லாப் பாத்துக்கிட்டா பதினஞ்சு வரைக்கும் இருக்கும்னு டாக்டர் சொல்லல? திருத்துங்க."

திருத்தினேன். மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு. உடைத்தது நான்கு. பாக்கி நூற்று நாற்பது.