பீரோவுக்குப் பின்னணி இசை

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. வாடகை வீடு மாறியபோது மாடிப்படி வளைவில் என் பீரோ சிக்கிக்கொண்டது, அங்கே கிடைத்தது. பீரோ ஒழுங்காக ஏறியிருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தூக்கியவர்கள் இரண்டு பேர். கீழ்முனையைப் பிடித்தவர் மச்சான். மேல்முனையைப் பிடித்தவர் மாப்ள. மச்சானின் தங்கையைத்தான் மாப்ள கட்டியிருக்கிறார், அதனால் அவர்கள் கூப்பிட்டுக்கொள்வது அப்படி. எனக்கும் அது போதும். இவர்களை வேலைக்கு வைத்திருக்கும் சாமான் வண்டிக்காரர் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். பார்க்காத இடம் வந்தால் சொல்லிவிடுவேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“இசை என்பது மனிதர்களை இணைக்கும் ஒரு” —

நிறுத்திவிட்டேன். இவர்கள் பேச்சை முறித்துக்கொண்டதே இசையால்தான்.

அடுத்தது:

“இரும்பின் கனம் அவர்கள் தோளில் ஒரு பறவையைப் போல” —

என் அப்பா படித்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.*

(* அப்பா மண்டியில் மூட்டை இறக்கியவர். அம்மா செங்கல் சுமந்தவள். எங்கள் வீட்டில் யாரும் கனத்தை எதனோடும் ஒப்பிட்டதில்லை. கனத்தது என்றால் கனத்தது, அவ்வளவுதான்.)

மூன்றாவது தொடக்கம் என்னுடையதல்ல. சாமான் வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்தபோது வண்டிக்காரர் சொன்னது: “பின்னாடி இருக்கறவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல சார். ஏன்னு கேக்காதீங்க, சிரிப்பீங்க. ஒரு படத்துக்கு மியூசிக் போடறவர மாத்திட்டாங்க.”

இதைவிட நல்ல முதல் வரி எனக்கு வராது. வயிற்றெரிச்சலில் இரண்டாம் பகுதியில் வைத்திருக்கிறேன்.

3

ஒரு படமல்ல, தொடர் படம். மூன்று பாகம் வந்துவிட்டது, மூன்றுக்கும் ஒரே இசையமைப்பாளர். நாயகன் நடந்து வரும்போது ஓர் அடி விழும்: டம், டம், டடம். முதல் பாகம் வந்ததிலிருந்து இவர்கள் அந்த அடிக்குத்தான் சாமான் தூக்குகிறார்கள். பெரிய சாமானின் இரண்டு முனையில் நிற்பவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாயால் போடுகிற அடிதான் கண். இரண்டு ‘டம்’முக்கு மூச்சைப் பிடிக்க வேண்டும். ‘டடம்’மில் தூக்க வேண்டும்.

நாலாம் பாகத்துக்குப் புது ஆளைப் போட்டார்கள். முன்னோட்டம் வந்த அன்று, வண்டி நிழலில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே போனில் பார்த்திருக்கிறார்கள். வண்டிக்காரர் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.

“என்ன மாப்ள இது? ஆளு வந்து, நின்னு, சட்டக் கைய மடிச்சு முடிச்ச பெறகு மியூசிக் வருது. அதுவரைக்கும் தூங்கிட்டானா?”

“அதான் மச்சான் கெத்து. வருமா வராதான்னு காக்க வெக்கிறான் பாரு. நடுவுல ஒரு சத்தம் இல்ல.”

“சத்தம் போடாம இருக்கறதுக்கு எதுக்கு மாப்ள தனியா ஒரு ஆளு? அத நானே போடுவேன்.”

“பழைய ஆளு மட்டும் என்ன, மூணு படத்துக்கும் ஒரே டம் டம்மத் திருப்பித் திருப்பிப் போட்டாரு.”

“ஒரே மாதிரி இருந்தாத்தான ஜனம் கூடவே நடக்கும்?”

“மச்சான், நீ கேக்கறது பாட்ட இல்ல. உன் வாலிபத்த.”

அதுவரை வண்டிக்காரரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாராம். மச்சான் இப்போதெல்லாம் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார். அவர் இடத்துக்கு வண்டிக்காரர் ஓர் இளவட்டத்தைப் பேசி வைத்திருப்பதும் அவர் காதுக்குப் போயிருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மச்சான் சொன்னார்: “மூணு படத்தத் தூக்கி நிறுத்துனவன நாலாவதுல வேணாங்கறானுங்க. நீயும் கை தட்டற.”

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: “அவர் இசையமைப்பாளரைப் பற்றி மட்டும் பேசவில்லை, தன்னையும்” — அடித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாதா என்ன.]

மறுநாள் ஒரு வாஷிங் மெஷின். மாப்ள வம்புக்குப் புது இசையை முனகினார். மச்சான் பழைய கணக்குக்குத் தூக்கினார். ஒரு முனை எழுந்தது, இன்னொன்று எழவில்லை. மெஷின் உருண்டது. அன்றோடு பேச்சு நின்றது. வண்டிக்காரரும் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு சாமான் விழுந்தால் மச்சான் வேலைக்கு வர வேண்டாம்.

அடுத்த சாமான் என் பீரோ.

4

இனி வருகிற பாத்திரத்தை நீங்கள் நம்பப்போவதில்லை. படித்துப் பார்த்த என் மனைவி நம்பவில்லை. “எவளாவது இப்படிச் செய்வாளா? நானா இருந்தா ரெண்டு போனையும் கட் பண்ணிட்டுப் படுத்திருப்பேன்” என்றாள். இவளை வெட்டிவிடலாமா என்று நானும் யோசித்தேன். ஆனால் அவள் குரலை இரண்டு காதாலும் கேட்டவன் நான்.

அவள் மச்சானின் தங்கை, மாப்ளயின் மனைவி. வீட்டிலிருந்தபடியே துணி தைக்கிறாள். பேசாதவர்கள் எப்படிச் சேர்ந்து தூக்குவார்கள்? இவள்தான் வழி கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு பேர் போனையும் ஒரே அழைப்பில் இணைத்து, ஸ்பீக்கரில் போட்டு, சட்டைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டாள். தையல் மிஷினின் கடகடப்போடு அவள் குரல் இரண்டு பையிலிருந்தும் வந்தது.

நான் வளைவுக்கு மேலே நின்றேன். மாப்ளயின் முதுகு தெரிந்தது. மச்சானைப் பீரோ மறைத்துவிட்டது.

“ஏய், உங்கண்ணன சுவர் பக்கம் சாய்க்கச் சொல்லு” என்றார் மாப்ள, தன் சட்டைப் பையைப் பார்த்து.*

“அண்ணே, சுவர் பக்கம் சாய்க்கணுமாம்.”

“சாய்ச்சுத்தான் நிக்கறேன்னு சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட.”

“ஏங்க, கேட்டுச்சா?”

“நீ சொன்னாத்தான் எனக்குக் கேக்கும்.”

“ரெண்டு மாட்டையும் ஒரே கயித்துல கட்டி என் கையில குடுத்துட்டாங்க. அண்ணே, சாய்ச்சிருக்கியாம். ச்சே, அவருகிட்ட சொல்ல வேண்டியத உன்கிட்ட சொல்றேன்.”

(* எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடது வலது உதவாது, ஒருவர் இடது இன்னொருவர் வலது. அதனால் சுவர் பக்கம், கம்பிப் பக்கம் என்பார்கள். என் முதல் பிரதியில் நான் ‘இடப்பக்கம்’ என்று மெருகேற்றியிருந்தேன். என் நடையை நம்பித் தூக்கியிருந்தால் மச்சானின் விரல் கம்பியில் நசுங்கியிருக்கும்.)

5

வளைவு.

பீரோவை அங்கே நிமிர்த்தித் திருப்பி மறுபடி சாய்க்க வேண்டும். கனம் முழுக்கக் கீழே இருப்பவர் மேல் இறங்கும் இடம் அது. தங்கை, “அண்ணே, இப்ப மெதுவா —” என்றாள். அத்தோடு நின்றது. மிஷின் சத்தமும் நின்றது. வளைவில் சிக்னல் இல்லை.

கீழேயிருந்து மூச்சு மட்டும் கேட்டது. மாப்ள வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பேசிவிட்டால் தோற்றுவிடுவாரே.

நீ போய்ப் பிடித்திருக்கலாமே என்பீர்கள். அந்த இடத்தில் ஒரு கை நுழைய வழியில்லை. நுழைந்தாலும், கணக்குத் தெரியாத மூன்றாவது கைதான் சாமானை விழ வைக்கும்.

வாசலிலிருந்து வண்டிக்காரர் கேட்டார்: “என்னப்பா, சத்தத்தையே காணோம்?”



பிறகு யாரோ முனகினார்கள். பல்லிடுக்கில், மெல்லிசாக.

6

முடிவு அ: பீரோ விழுகிறது, மச்சானின் வேலை போகிறது. உழைக்கிறவர்களைப் பற்றி எழுதினால் கடைசியில் யாராவது நசுங்க வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. பத்து வரியில் எழுதியும் விட்டேன், சுலபமாகத்தான் வந்தது. ஆனால் பீரோ என் கண் முன்னே நிற்கிறது. ஒரு நெளிசல் இல்லை.

முடிவு ஆ: பழைய இசையில் நடக்கலாம், நிற்க முடியாது. புது இசையில் நிற்க இடமிருக்கிறது, வளைவில் அதுதான் தேவை. ஆகவே படிக்கு அது, வளைவுக்கு இது என்று இருவரும் உணர்ந்து — வேண்டாம். இவ்வளவு கச்சிதமாகத் திரும்பிய பீரோவை நான் எந்த மாடிப்படியிலும் பார்த்ததில்லை.

முடிவு இ: முடிவே அல்ல. நான் கேட்டதும் பார்த்ததும்.

ஒரு முனகல் கேட்டது. இன்னொன்று சேர்ந்தது. பீரோ எழுந்து, திரும்பி, சுவரில் உரசாமல் மேலே வந்தது. யார் முதலில் முனகியது, எந்த இசையை, எனக்குத் தெரியாது. காலி இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் எல்லாக் குரலும் ஒரே குரல்தான்.

அறையில் மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பட்டையைத் தளர்த்தினார். தண்ணீர் குடித்தார். பாட்டிலை எங்கேயோ பார்த்தபடி நீட்டினார். மாப்ள எங்கேயோ பார்த்தபடி வாங்கிக்கொண்டார்.

இரண்டு பைகளிலும் போன் அடித்தது.

“இருக்கீங்களா, செத்துட்டீங்களா?”

“இருக்கோம்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அந்தப் பக்கம் தையல் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வண்டிக்காரர் பீரோவைச் சுற்றி வந்து பார்த்தார். “நாளைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு. ரெண்டு கதவு. ரெண்டு பேரும் வந்துருங்க” என்றார். மச்சான் தலையாட்டிவிட்டுப் பட்டையை மறுபடி இறுக்கினார்.

படி இறங்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

“கடைசியில பழைய டம் டம்மத்தான போட்ட மாப்ள?”

“நானா? நீதான் மச்சான் புதுசப் போட்ட. என் காதால கேட்டேன்.”

“அந்தத் தூங்குமூஞ்சிப் பாட்ட நான் ஏன் போடறேன்?”

“நான் மட்டும் ஏன் பழசப் போடறேன்?”

வண்டி தெரு திரும்பும்வரை கேட்டது. அந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை என்று வண்டிக்காரர் போனில் சொன்னார். தீர வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அவர் இவருடையதை, இவர் அவருடையதைப் போட்டார்கள் என்றால் ‘டடம்’ எங்கே விழுந்தது? எப்படி ஒன்றாகத் தூக்கினார்கள்? பல நாள் உட்கார்ந்து பார்த்தேன். எழுதிக் கண்டுபிடிக்கிற விஷயமில்லை இது. உங்கள் வீட்டில் கனமான சாமான் ஏதாவது இருக்கும். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரும் இருப்பார். அவரை மறுமுனையில் நிறுத்துங்கள். முகம் தெரியக் கூடாது. குனியுங்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டீர்களா? ஆரம்பத்தை வேண்டுமானால் நான் போட்டுத் தருகிறேன்.

டம்.

டம்.