விளம்பர இடைவேளை

பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிருபா கூடத்துக்கு வந்தபோது, அவள் கணவன் ரூபன் புது டிவியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கென்று போன வாரம் வாங்கியது. கேபிளைத் துண்டித்தாயிற்று. இனி எல்லாம் இன்டர்நெட்டில்தான்.

"அந்தப் பனிப்படத்தயே போட்டிருக்கேன், வா. ஒத்த விளம்பரம் வராது. கால நீட்டிப் படுத்துட்டுப் பாக்கலாம்."

"ஒத்த விளம்பரங்கூட வராதுங்களா?" என்றாள் கிருபா.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மத்தியானமும் ஒரு சேனலில் அந்தப் படம் வரும். தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒரு பெண் பனிக்காட்டில் குதிரைவண்டி ஓட்டிப்போகிற டப்பிங் படம். மதுக்கரையில் கிருபாவும் சோமனூரில் அவள் தங்கை எழிலும், கல்யாணமாகிப் பிரிந்த வருசத்திலிருந்து அவரவர் வீட்டில் அதைப் பார்ப்பார்கள். விளம்பரம் வந்ததும் ஒருத்தி கூப்பிடுவாள். படம் மறுபடி தொடங்கினால், பேச்சு பாதியில் நின்றாலும் வைத்துவிடுவார்கள். படம் ஓடும்போது மட்டும் கூப்பிடுவதில்லை. அப்படி ஒருமுறை வந்த அழைப்பில்தான் அப்பா போன சேதி வந்தது.

ஆகஸ்டில் எழிலின் புதுவீட்டு ஜெபத்துக்குப் போன இடத்தில், "ஹாலு தீப்பெட்டியாட்டம் இருக்குது கண்ணு" என்று கிருபா விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். எழிலின் மாமியார் சிரித்தாள். எழில் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. எத்தனையோ தரம் கூப்பிட்டும் எடுக்கவில்லை. விளம்பரத்தில் கூப்பிட்டால் எடுப்பாள் என்றுதான் கிருபா இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் எடுக்காவிட்டால் வேறெந்த நாளை நம்புவது?

திரையில் பனி ஓர் இடைவெளிகூட இல்லாமல் பெய்துகொண்டே இருந்தது.

"ஏனுங்க, கோமளாவுக்குக் கேக் குடுத்துப்போட்டு வாரேன்."

"படம் ஓடுதே?"

"ஓடட்டுமுங்க."

பக்கத்து வீட்டில் கோமளா சேனலை மாற்றிக் கொடுத்துவிட்டு வியப்போடு பார்த்தாள். "அத்தாம் பெரிய டிவிய உட்டுப்போட்டு எங்க டப்பாவுல என்னத்தப் பாக்குறீங்கக்கா?"

"விளம்பரம் பாக்கோணும் கோமளா."

சோபாவில் கண்ணயர்ந்திருந்த கோமளாவின் கணவர் கண்ணையா எழுந்து உட்கார்ந்தார். "விளம்பரம் பாக்க ஊடு தேடி வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

முதல் விளம்பரம் வந்தது. கிருபா கூப்பிட்டாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. கோமளா முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

மறுபடி பனி. மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக ஊறி நின்றது. திரும்பவும் தூங்கிவிட்ட கண்ணையாவின் குறட்டையும் ஃபேனின் சத்தமும் கலந்து, கிருபாவின் இமைகள் கனத்தன. வண்டி ஓட்டுகிறவள் தானா, தன்னை யாராவது ஓட்டிக்கொண்டு போகிறார்களா என்று தெரியவில்லை. வெள்ளை வெளியில் மரங்கள் மெல்ல விலகி வழிவிட்டன. "நீ எங்கே இருக்கிறாய்?" என்று அந்தப் பெண் புத்தகத் தமிழில் கூவினாள். பதில் வரவில்லை. முழங்கால்வரை பனியில் புதைந்து, எந்தக் குளிரும் தெரியாமல், கிருபாவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சோப்பு விளம்பரப் பாட்டு எழுப்பிவிட்டது. அவசரமாக அமுக்கினாள். இரண்டாவது மணியில் எடுக்கப்பட்டது. ஹலோ இல்லை. அங்கே பக்கத்துப் பட்டறையில் தறி ஓடும் சத்தம். அதற்கு மேலே, ஒரு நொடி பிந்தி, அதே சோப்புப் பாட்டு.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"கண்ணு..."

பாட்டு முடிந்து நெய் விளம்பரம் வந்தது. அங்கேயும் வந்தது.

"தீப்பெட்டிக்குள்ள உக்காந்து பாத்துட்டு இருக்கறேன்," என்றாள் எழில்.

கிருபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எனக்கும் ஒரு ஓரமா எடம் இருக்குமா அம்மணி?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற ஒலி. அதற்குள் படம் தொடங்கிவிட்டது. வைத்துவிட வேண்டும். கிருபா வைக்கவில்லை. எழில் வைப்பாள் என்று காத்திருந்தாள். அவளும் வைக்கவில்லை.

திரையில் குதிரைவண்டி மேட்டில் ஏறியது. கழுத்துமணி இங்கே ஒலித்தது. ஒரு நொடி கழித்து சோமனூரில் ஒலித்தது. முன்னால் போகிற வண்டியின் தடத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வண்டி பனிக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது.