பெற்றோர் பார்வை

ஆறு கையெழுத்துகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, நீல மையில், திங்கள் முதல் சனி வரைக்கும், இடப்பக்கம் வீட்டுப்பாடம் எழுதவேண்டிய கட்டங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடக்க, வலப்பக்கத்துக் குறுகிய கட்டங்களில் என் பெயர் மட்டும் வரிசையாக இறங்கிக்கொண்டு போகிறது, ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, பள்ளிக்கூட டைரியில் சட்னி படாமல் பார்த்துக்கொண்டு போடுகிறேன், சுபா பக்கத்தில் நிற்கிறாள், என் மகள், ஒன்பதாம் வகுப்பு, இந்த வருஷம் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டவள், அப்பா, நான் இன்னும் ஒண்ணுமே எழுதலையேப்பா என்கிறாள், நீ எழுதிருவம்மா, எனக்குத் தெரியாதா, அப்பாவுக்குக் காலண்டர் சீசன், வேலை தலைக்கு மேல கிடக்கு என்கிறேன், ஒரு வாரத்துக்கான வேலை அரை நிமிஷத்தில் முடிந்துவிட்ட திருப்தியில் பேனாவை மூடுகிறேன், அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போது எனக்கு முகம் எரிகிறது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், பதினெட்டு வருஷமாக, நாள்காட்டி, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட டைரி, எது வந்தாலும் அச்சுக்குப் போவதற்கு முன் என் மேஜைக்கு வந்தாக வேண்டும், படித்துத் திருத்திக் கீழே அச்சிடலாம் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும், போட்டபிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அது என்னுடைய பிழை, மெஷின்காரரைக் கேட்க முடியாது, முதலாளியைக் கேட்க முடியாது. ஒரு தடவை முதலாளி அவசரத்தில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க, மேட்டரை அப்புறம் ஒட்டிக்கிறோம் என்றார், படிக்காததுக்கு நான் போடமாட்டேன் முதலாளி என்று எழுந்து நின்றேன், அவரும் அசந்துபோய் விட்டுவிட்டார், இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், என் மனைவியிடம், மைத்துனரிடம், ஏன், சுபாவிடமே எத்தனை தடவை, சோற்றைப் பிசைந்தபடி அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், எங்கப்பா படிக்காம கையெழுத்தே போடமாட்டாரு என்று அவள் தன் தோழியிடம் சொன்னதை நானே ஒருமுறை வாசலில் நின்று கேட்டுப் பூரித்தேன்.

அவள் பள்ளிக்கூடத்து டைரியும் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது, முன்பக்கத்தில் பெற்றோர் கவனத்திற்கு என்று ஒரு பக்கம் வரும், வருஷாவருஷம் நான்தான் திருத்துகிறேன், எனக்கு மனப்பாடம், பிள்ளை வீட்டுப்பாடம் எழுத ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒதுக்குங்கள், கடினமான பாடத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள், பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், முடித்துவிட்டாயா என்று கேட்பதைவிட எது புரியவில்லை என்று கேளுங்கள், குறிப்பேட்டைத் தினமும் படித்தபின் கையொப்பமிடுங்கள், இதில் எத்தனை காற்புள்ளி என்று கேட்டால்கூடச் சொல்வேன், ஒற்றெழுத்து ஒன்றைக்கூட நழுவவிட்டதில்லை, என்ன சொல்லியிருக்கிறது என்றுதான் ஒரு தடவையும் யோசித்ததில்லை. வலப்பக்கக் கட்டத்தின் தலைப்பு முன்பெல்லாம் பெற்றோர் படித்துப் பார்த்துக் கையொப்பம் என்று இருந்தது, கட்டத்துக்குள் அடங்கவில்லை, நான்தான் படித்து என்பதை அடித்தேன், கையொப்பத்தையும் அடித்தேன், பெற்றோர் பார்வை என்று சுருக்கிக் கொடுத்தேன், அழகா அடங்கிருச்சு பாருங்க என்றார் முதலாளி.

ஐப்பசி மாதம், விடாத மழை, நாள்காட்டித் தாள்களில் நல்ல நேரமும் ராகுகாலமும் பார்த்துப் பார்த்துக் கண்ணை மூடினாலும் எண்களே ஓடுகின்றன, அந்த நாள்களில் ஒன்றில் கணக்குத் தேர்வுத்தாளை நீட்டுகிறாள், நூற்றுக்கு முப்பத்தொன்று, கரும்பலகையில் எழுதிப்போட்ட கேள்விகளாம், பன்னிரண்டு புள்ளி ஐந்து சென்டிமீட்டர் என்றிருந்ததை நூற்று இருபத்தைந்து என்று எழுதி, அதற்குப் பரப்பளவு கண்டுபிடித்திருக்கிறாள், வழிமுறை எல்லாம் சரி, விடை எல்லாம் தப்பு, தாள் முழுக்க எந்த எண்ணிலும் புள்ளி இல்லை. புள்ளி எங்க என்றேன், ஊரு உலகத்துக்கெல்லாம் புள்ளி வச்சிக் குடுக்கிறவன் மகளுக்குப் புள்ளி வைக்கத் தெரியலைன்னா வெளிய சொன்னா சிரிப்பாங்க என்றேன், அப்பா, போர்டுல என்று ஆரம்பித்தாள், காரணம் சொல்லாத என்றேன், இல்லப்பா, நாலாவது பெஞ்சுல இருந்து என்றாள், காரணம் சொல்லாதன்னு சொன்னேன்ல என்று கத்தினேன், அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள், அவ என்னதான் சொல்லவாரான்னு கேளுங்களேன் என்றாள், கேட்கவில்லை, புள்ளியைக் கவனிப்பேன் என்று நூறு தடவை இம்போசிஷன் எழுத வைத்தேன், எழுதி முடித்ததை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன், ஆமாம், அதைப் படித்தேன், நூறு வரியையும் படித்து, எழுபத்திரண்டாவது வரியில் ப்-க்குப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது பார் என்று வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில்தான் அவள் அதை எழுதியிருக்கிறாள், நான் முன்கூட்டியே போட்டுவைத்த கையெழுத்துக்கு இடப்பக்கத்தில், தமிழ் பக்கம் நாற்பது, அறிவியல் படம் வரைதல், அவற்றுக்குக் கீழே, பொடி எழுத்தில். அடுத்த ஞாயிறு வந்தது, அடையாள நாடா வைத்திருந்த புதுப் பக்கத்தைப் பிரித்து ஆறு கையெழுத்துப் போட்டேன், அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் நின்றாள், ஒரு பக்கம் பின்னால் புரட்டியிருந்தால் போதும், என்னம்மா வேணும் என்றேன், ஒண்ணுமில்லப்பா என்றாள், டைரியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள், அந்த நடை இப்போதும் வருகிறது, சில சமயம் கனவில், அவள் போய்க்கொண்டே இருக்கிறாள், நான் மேஜையில் உட்கார்ந்து வெள்ளைத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, அச்சாகி வருகிற தாள்களில் எழுத்தே இல்லை, யாரும் அதைப் பிழை என்று சொல்லவும் இல்லை.

அவள் எழுதியதிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், கணக்கு டீச்சர் பாக்கியசெல்வி எதிரே சுபாவும் நானும், பின்னால் நான்கைந்து பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள், நல்லாப் படிச்ச பிள்ளை சார், இப்போ எழுதிப்போடுறதைக்கூடச் சரியா எழுதமாட்டேங்கிறா, டைரியையே பாருங்களேன் என்று டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார், புரட்டிய கை நின்றது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இது என்ன என்று சத்தமாகவே வாசித்தார், அப்பா, எனக்கு போர்டுல புள்ளி தெரியல, எழுத்தும் கலங்கலாத்தான் தெரியுது, வேணும்னு விடலப்பா, திட்டாதீங்க. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், வாரக் கடைசியில நானும் மேலோட்டமாப் பாத்து விட்டிருக்கேன் சார், என் மேலயும் தப்பிருக்கு, ஆனா இதுல உங்க கையெழுத்து இருக்கே, படிச்சீங்கள்ல என்றார்.

படிச்சேன் என்றேன்.

அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் பொய், தெரியும், பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் எங்கள் அச்சகத்துக்கு வருகிறவர்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று அவர்கள் முன்னால் நிற்க முடியவில்லை, ஆனால் படித்தேன் என்றால் என்ன அர்த்தம், மகள் கண் தெரியவில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்தவன் என்றுதானே அர்த்தம், அது அதைவிடக் கேவலம் என்பது வார்த்தை வெளியே விழுந்தபிறகுதான் உறைத்தது. டீச்சரின் முகம் மாறுகிறது, படிச்சிட்டா சார் இப்படி விட்டீங்க என்று கேட்க வாயெடுக்கிறார், அப்போது சுபா, மிஸ், அப்பா அன்னைக்கே படிச்சிட்டாங்க மிஸ், கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க, நான்தான் பரீட்சை முடியட்டும்னு சொன்னேன் என்கிறாள், தடங்கல் இல்லாமல், என் பக்கம் திரும்பாமல், ஓ அப்படியா என்றார் டீச்சர், சரிம்மா, இனிமே முதல் பெஞ்சுல உட்காரு என்றார், முடிந்தது. எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பெற்ற பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன், படியிறங்கும்போது அவள் கையைப் பிடிக்கப் போனேன், டைரியை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள், நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம், மைனஸ் இரண்டே கால், இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்ச என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார், அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சாயங்காலம் ஆறு மணி என்றால் ஆறு மணி, கூடத்து மேஜை அவளுக்கு, எதிர் நாற்காலி எனக்கு, கணக்கை முதலில் எழுதுகிறாள், செல்போனை அலமாரியில் வைத்துவிடுகிறேன், இன்னைக்கு எது புரியல என்று கேட்கிறேன், அச்சடித்த வாக்கியம் மாதிரியே கேட்கிறேன் என்பது அவளுக்கும் தெரியும், ஆனாலும் பதில் சொல்கிறாள், எழுதி முடித்து டைரியை நீட்டுகிறாள், படிக்கிறேன், இரண்டு தடவை படிக்கிறேன், அப்புறம் அன்றைக்கு உரிய ஒரே ஒரு கையெழுத்தைப் போடுகிறேன். இன்று போட்டு முடித்ததும் அவள் டைரியைத் தன் பக்கம் இழுத்துப் பின்னால் புரட்டினாள், கறுப்புச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பொடி எழுத்தில் எழுதியிருந்த அந்த வாரத்துப் பக்கத்தில் வந்து நின்றாள், ஆறு கையெழுத்துகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, நீல மையில், எனக்கு எழுந்து போய்விடலாம்போல இருந்தது, சுபாம்மா, அன்னைக்கு அப்பா படிக்கலம்மா, டீச்சர்ட்ட சொன்னது பொய் என்றேன், இத்தனை நாளாகச் சொல்ல நினைத்ததில் அவ்வளவுதான் வந்தது, தெரியும்ப்பா என்றாள், குனிந்து கையெழுத்துகளையே பார்த்தபடி, அப்பா, உங்க பேருல கடைசி எழுத்துக்குப் புள்ளியே இல்லையேப்பா, ஆறுலயும் இல்ல என்றாள். பார்த்தேன், இல்லை, அரை நிமிஷத்தில் போட்ட கையெழுத்து, எதிலும் புள்ளி இல்லை, பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள், திங்களுக்கு வைத்தேன், செவ்வாய்க்கு வைக்கப்போகும்போது உள்ளங்கையால் அந்தக் கட்டத்தை மூடிக்கொண்டாள், இதுக்கு மட்டும் வேண்டாம்ப்பா, இது இப்படியே இருக்கட்டும் என்றாள், நான் புதனுக்கு வைத்தேன், வியாழனுக்கு, வெள்ளிக்கு, சனிக்கு, வைத்து முடிக்கும்வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.