வேகாத பாறை

துறைமுக ஊருக்குப் போகும் பேருந்தில் சின்னவள் மூக்கால் முனகிக்கொண்டே வந்தாள். பாட்டு என்று சொல்ல முடியாது. ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. மனசு நிறைந்துவிட்டால் அவளை அறியாமல் கிளம்பும் ஓசை அது, குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய நாளில், வீட்டில் எல்லோரையும் அசத்த வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணனிடம் மாட்டிக்கொண்டாள். "என்னடி முனகுற? எவ்வளவு மார்க்கு?" என்று கேட்டுவிட்டான் அவன்.

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தலைநகரத்தில் பெட்ரோலியத் துறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே அவளுக்கு 'மகரந்த டாக்டர்' என்று பெயர். கடலுக்கடியில் கிணறு தோண்டும்போது மேலே வரும் பாறைத்தூளை அமிலத்தில் கரைப்பாள். பாறை கரைந்து போகும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதில் விழுந்து புதைந்த மகரந்தத் துகள்கள் மட்டும் கரையாமல் மிஞ்சும். அவற்றைக் கண்ணாடித் துண்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது நிறம். வெளிர் மஞ்சளாக இருந்தால் அந்தப் பாறை பூமியின் சூட்டில் இன்னும் வேகவில்லை, எண்ணெய் ஊறியிருக்காது. பழுப்பு என்றால் எண்ணெய். அதையும் தாண்டி இருண்டால் எரிவாயு. கன்னங்கரேல் என்றால் எல்லாம் தீய்ந்துபோயிற்று, மூட்டை கட்டலாம்.

நாடே இப்போது அந்தத் துறைமுக ஊருக்கு எதிரே கடலில் தோண்டிய ஒரு கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இனி யாரிடமும் கையேந்த மாட்டோம் என்று அமைச்சர் மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார். 'எண்ணெய், எரிவாயுத் துறையின் எதிர்காலம்' என்ற அரசு அறிக்கைக்கு அட்டைகூட அச்சாகிவிட்டது. அட்டையில் நீலக் கடல், அதன் நடுவே எண்ணெய் மேடை, பின்னால் விடியற்காலை வானம். உள்ளே என்ன எழுதுவது என்பதற்குத்தான் ஆய்வுக்கூடத்தின் முடிவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அட்டையை முதலில் அடித்துவிட்டு எதிர்காலத்தை அப்புறம் விசாரிக்கிற வழக்கம் எந்தப் புண்ணியவான் கொண்டுவந்ததோ தெரியவில்லை.

முடிவு நேற்றுக் கிடைத்துவிட்டது. மேலிருந்து கடைசி ஆழம் வரை எல்லாத் துகளும் வெளிர் மஞ்சள். அந்தக் கடற்பகுதியிலேயே பாறை மிக ஆழமாகப் புதைந்திருந்த இடம் அது. அங்கேயே வேகவில்லை என்றால் பக்கத்தில் எங்கும் வெந்திருக்க வழியில்லை. எண்ணெய் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் முனகல் எதற்கு? கடைசி ஆழத்துக் கண்ணாடித் துண்டில் அவள் ஒரு துகளைக் கண்டாள். உருண்டையாக இருந்தது, உடம்பெல்லாம் முள், ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு குட்டிக் கொக்கி. அவள் கையில் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வெளிநாட்டுத் தோழிக்குப் படம் அனுப்பிக் கேட்கலாமா என்று துடித்து, ரகசியம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டாள். இதுவரை யாரும் பார்க்காத செடி ஒன்றின் மகரந்தம் அது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. வெந்திருந்தால் கருகிச் சிதைந்து அடையாளமே தெரிந்திருக்காது. வேகாததால்தான் பிழைத்துக் கிடந்தது. நாட்டுக்குக் கெட்ட செய்தியும் தனக்கு நல்ல செய்தியும் ஒரே கண்ணாடித் துண்டில் இருப்பது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் முனகல் அடங்கினால்தானே!

அறிக்கை திங்கட்கிழமைதான் போக வேண்டும். அமைச்சகம் அறிவிக்கும்வரை மூச்சு விடக் கூடாது. போன கிணற்றின்போது கூட வேலை பார்த்தவர் ஒருவர் முடி வெட்டிக்கொள்ளும்போது, "அந்தப் பக்கம் நிலம் வாங்காதப்பா" என்று சலூன்காரரிடம் சொல்லப்போக, அந்த வாரமே வேலை காலி. சின்னவளுக்கு அந்த வேலைதான் சோறும் உலகமும். சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் இருந்தால் யாராவது வாயைக் கிளறுவார்கள் என்று பயந்துதான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீடு என்றால் லாட்ஜ்தான். துறைமுகத்துக்குப் போகும் தெருவில் மூன்று மாடி. முதல் கிணறு தோண்டியபோது கொடிகட்டிப் பறந்த இடம். மாடிப்படியில்கூட ஆள் படுத்திருந்தார்கள். இப்போது காற்று வாங்கிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகையில் அறைச் சாவிகள் அத்தனையும் வரிசை குலையாமல் தொங்கின.

அவள் உள்ளே நுழைந்து பையைக் கீழே வைப்பதற்குள் அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"முனகுற!"

"இல்லையே."

"எனக்கா தெரியாது? சரி, நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் சொல்லாத. டீ குடி." டீயை எடுத்து வந்தவன் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தான். "இன்னிக்கு அத்தான் வர்றார். லாட்ஜை அவருக்கே குடுத்துடலாம்னு பேசி முடிச்சாச்சு."

அத்தான் என்றால் அக்காவின் கணவர். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க உழைத்ததற்குக் கிடைத்த மொத்தப் பணமும் அவர் கையில் இருந்தது. எண்ணெய் வந்ததும் லாட்ஜ் நிரம்பி வழியும், தானும் அக்காவும் காலாட்டிக்கொண்டு உட்காரலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

சின்னவள் டம்ளரைப் பாதியில் இறக்கினாள். "நீ ஏன் விக்கிற? எண்ணெய் வந்தா உனக்குத்தானே லாபம்?"

"போதும். அண்ணியால வெளியூர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு இங்க வர முடியாது. பொண்ணு அங்க படிக்கிறா. நான் மட்டும் இங்க சாவிக்குக் காவல். ராத்திரி சமைச்சா யாருக்குச் சமைக்கிறோம்னே தெரியல. வித்துட்டு அவங்களோட போய் இருந்துடறேன்."

அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதனால் கேட்பவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும், அண்ணனின் ஆசையும் கெடும். மூடிக்கொண்டால் அக்காவும் அத்தானும் நடுத்தெருவுக்கு வருவார்கள். டீயைக் குடிப்பதுபோல் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அண்ணனால் சும்மா இருக்க முடியாது. ரேடியோவைப் பிரித்துப் பார்த்து வளர்ந்த ஆள். "நம்ம நாட்டுக் கதை வேணாம். பொதுவாச் சொல்லு. அடியில எண்ணெய் இருக்குன்னு நீங்க எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க?"

பொதுவாகச் சொல்வதில் தப்பில்லை. கல்லூரிப் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். சொன்னாள். மஞ்சள், பழுப்பு, கறுப்பு, எல்லாம் சொன்னாள். அவன் கண் விரிந்தது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு சூடு, வேக எத்தனை காலம், அடுப்பை அணைக்கிற மாதிரி பூமி நடுவில் ஆறிவிடாதா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டான். கேட்கிறவன் இப்படிக் கேட்டால் சொல்கிறவளுக்கு எங்கே நிற்பது என்று தெரியுமா? பேச்சு மகரந்தத்துக்குத் தாவியது. புதுச் செடியைப் பற்றிச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும், எண்ணெயைப் பற்றித்தானே பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர்களுக்கே உரிய அசட்டு நம்பிக்கை அது.

"அண்ணா, ஒண்ணு பார்த்தேன். உலகத்துல யாரும் பார்க்காதது. ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாத் தெரியுது. நுனியில கொக்கி வேற. கடைசி ஆழத்துல கிடைச்சது, ஆனா நேத்து உதிர்ந்த மாதிரி அப்படியே இருக்கு!"

அண்ணன் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"வெந்தா கருகிப் போகும்னு இப்பத்தானே சொன்ன?"

அவள் காலி டம்ளரை மறுபடி கையில் எடுத்தாள்.

"கடைசி ஆழத்துலயே நேத்து உதிர்ந்த மாதிரி இருக்குன்னா…" அவன் மேற்கொண்டு சொல்லவில்லை. எழுந்து போய்ச் சாவிப் பலகையைப் பார்த்தபடி நின்றான். முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "நீ இதைச் சொல்லாம இருந்திருந்தா நான் நல்லவனாவே வித்திருப்பேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்த நேரத்தில் அத்தான் வந்துவிட்டார். புதுச் சட்டை, கக்கத்தில் பை, முகமெல்லாம் பல்.

"வாங்க மாப்ளே, பேசி முடிச்சுடலாமா? அட, சின்னக்குட்டியும் வந்திருக்கா!"

அண்ணன் சாவிப் பலகையிலிருந்து திரும்பினான். "அத்தான், கோச்சுக்காதீங்க. நான் விக்கல."

"விக்கலையா? நேத்து வரைக்கும் விக்கிறேன்னு சொன்னீங்க?"

"மனசு மாறிடுச்சு."

அத்தான் அவனைப் பார்த்தார். பையைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று அண்ணனும் தங்கையும் காத்திருந்தார்கள். வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் கண்கள் மின்னின. தொடையில் தட்டிக்கொண்டார்.

"புரிஞ்சுது மாப்ளே! நேத்து வரைக்கும் விக்கத் துடிச்ச ஆளு, தங்கச்சி தலைநகரத்துலேர்ந்து வந்து இறங்கினதும் விக்க மாட்டேங்கிறார். இது போதாதா எனக்கு? தப்பா நினைக்க மாட்டேன், உங்க அதிர்ஷ்டம் உங்களுக்கு. எதிர்ல டெய்லர் கட்டடம் விலைக்கு வருது. கூடக் கேக்கிறான், பரவாயில்ல, முந்திக்கிறேன்!"

சொன்ன கையோடு படியிறங்கிவிட்டார். அண்ணன் பேயறைந்தவன் போல நின்றான். விற்றிருந்தால் ஒரு நஷ்டம். விற்காததால் அதைவிடப் பெரிய நஷ்டம் எதிர்வரிசைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது.

சின்னவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது. பிறகு யோசித்துப் பார்க்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அத்தான், எண்ணெய் இல்ல. நானே பார்த்தேன். வாங்காதீங்க."

அத்தான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். வாஞ்சையோடு அவள் தலையில் கை வைத்தார். "யாரு கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லணும்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க, எனக்குத் தெரியாதா? உன் வேலைக்கு என்னால கெடுதல் வராது. நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல." கண்ணடித்துவிட்டு நடந்தார்.

உள்ளதை உள்ளபடி சொன்னாயிற்று, அது எடுபடவில்லை. டெய்லர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வாயெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் லாட்ஜ் வாசலிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. தெருவே திரும்பிப் பார்க்கும் குரல்.

"அத்தான்! நில்லுங்க! விக்கிறேன்! நீங்க சொன்ன விலையில பாதி குடுங்க, போதும். இப்பவே எழுதித் தர்றேன்!"

அத்தான் நின்றார்.

"பாதி வேணாமா? சரி, அதுக்கும் கீழே கேளுங்க! கட்டில், மெத்தை, ஃபேன் எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துக்குங்க. இன்னிக்கே முடிச்சுடலாம் அத்தான், நாளைக்குன்னு தள்ளாதீங்க!"

சலூனிலிருந்து பாதிச் சவரத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். டெய்லரின் சிரிப்பு வந்த வழியே போயிற்று. அத்தான் மெதுவாகத் திரும்பி மச்சினனைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். அவள் கன்னம் நனைந்திருந்தது. இந்த முறை அவர் கண்ணடிக்கவில்லை. கக்கத்துப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன் மாப்ளே," என்றார். சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாகத் தன் வீட்டை நோக்கி நடந்தார்.

அக்காவின் பணம் பிழைத்தது. ஆனால் தெரு முழுக்கக் கேட்டுவிட்ட பிறகு அந்த லாட்ஜை இனி ஒருவரும் இலவசமாகக்கூட வாங்கமாட்டார்கள். அண்ணனுக்கும் அது தெரியும். உள்ளே வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். அண்ணிக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லி போனை எடுத்தவன், நம்பரை அழுத்தாமலே கீழே வைத்தான்.

சின்னவள் தரையில் அவன் காலடியில் உட்கார்ந்தாள். "அண்ணா, எல்லாம் என்னாலதான்."

"அதை விடு." நாற்காலியிலிருந்து அவள் பக்கம் குனிந்தான். "அந்தக் கொக்கி எதுக்குடி? காத்துல பறக்கிற மகரந்தத்துக்குக் கொக்கி எதுக்கு?"

அவள் நிமிர்ந்தாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. "காத்துல பறந்திருக்காது. பூச்சி மேல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். அப்படின்னா பூவும் இருந்திருக்கணும். ஆனா அந்தக் காலத்துல இந்தப் பக்கம் பூவே கிடையாதுன்னுதான் இதுவரைக்கும்…" பேச்சு நின்றது. கண் எங்கோ போய்விட்டது. மூக்கிலிருந்து அந்த ஓசை மெல்லக் கிளம்பியது.

அண்ணன் சட்டென்று எழுந்து வாசல் கதவைச் சாத்தினான்.

"முனகாதடி. அத்தான் காதுல விழுந்தா திரும்பி வந்துடுவார்."