இருபத்தொரு பேர் யார்?

ஹல்துமுல்லைக்கு மேலே, மண் சரியும் மலையில், எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளின் சுவர்களெல்லாம் வெடித்திருந்தன. "பழைய வெடிப்பு, வளரவில்லை" என்றார் மண்சரிவு பார்க்க வந்த அதிகாரி. வளர்கிறது என்று நிரூபித்தால்தான் இருபத்திரண்டு குடும்பத்தையும் கீழே இறக்குவார்களாம். நிரூபித்தே தீருவது என்று கிளம்பினேன். கணினி படித்த திமிர் எனக்கு.

தினமும் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, போகுமுன் வீட்டுக்கு வீடு அடிமட்டம் வைத்து அளந்து எனக்கு அனுப்புவார்கள். நான் பிளாக்செயினில் பதிவேன். பதிந்ததைத் தனியொருவர் திருத்த முடியாது; ஒரே பிரதி பல கணினிகளில் இருக்கும். இரண்டு வலையமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று செக்கனுக்கு நாலாயிரம் பதிவு ஏற்றும். ஆனால் அதை நடத்துவது மொத்தமே இருபத்தொரு பேர். மற்றது ஒரு பதிவுக்குப் பத்து நிமிடம் எடுக்கும், பிரதியோ ஆயிரக்கணக்கானோரிடம். நான் வேகத்தில் மயங்கினேன்.

ஐப்பசி மழையில் ஒன்பதாம் வீட்டு வெடிப்பு நாலு மில்லிமீட்டரிலிருந்து பத்தொன்பதானது. அதே வாரம் அந்த வலையமைப்பில் யாருடையதோ பணம் திருட்டுப் போனது. அதை மீட்க இருபத்தொரு பேரும் தங்களுக்குள் பேசி, பழைய பதிவையெல்லாம் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் அளவுகள் போயின. போனில் இருந்ததைக் காட்டினால், "போன்ல யாரும் எழுதலாமே மிஸ்" என்றார் அதிகாரி.

ஒன்பதாம் வீட்டு பாக்கியலெட்சுமி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு புள்ள அந்த இருபத்தொரு பேரு? நம்ம சுவர எட்டியாச்சும் பாத்திருக்காங்களா?"

"இல்லக்கா" என்றேன் வெட்கத்தோடு.

"ஒரு நாளைக்கு நமக்கு இருபத்திரண்டு அளவு. நாலாயிரம் எதுக்கு?"

"மத்தது பத்து நிமிசம் ஆகும்க்கா."

"பெரட்டுக்கு நடக்கவே எனக்கு இருபது நிமிசம். அதுலயே ஏத்து."

இருபத்திரண்டு அளவையும் ஒரே பதிவாகக் கட்டி, பத்தொன்பதிலிருந்து மறுபடி தொடங்கினோம். பன்னிரண்டு நாள் அளந்தோம். அத்தனை நாளும் என் பிழையால் ஒன்பதாம் வீட்டில் அந்தச் சுவரோரமே பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அதிகாரி வந்து ஒன்பதாம் வீட்டின் காலைப் பதிவைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணா? கூடிப்போச்சு. இவ்வளவு வளராது. இருபத்தொண்ணுன்னு மாத்துங்க மிஸ்."

"முடியாது சார். நானே நெனச்சாலும் முடியாது."

கோபத்தோடு ஒன்பதாம் வீட்டுக்கு நடந்தார். அக்கா அடிமட்டத்தை நீட்டினார். அவரே குனிந்து வைத்துப் பார்த்தார். முப்பத்து மூன்று.

"முப்பத்தொண்ணு காலைல அளந்தது சார்" என்றார் அக்கா.

அவர் முகம் வெளுத்தது. வாசலுக்கு வந்து போனை எடுத்து, குடும்பங்களை இறக்க லொறி கேட்டார். மூன்று மணிக்கு வந்த முதல் லொறியில் ஒன்பதாம் வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள்.