ராமாமணி அம்மாளின் தூரம்

கோயம்புத்தூர் பீளமேட்டில் ராமாமணி அம்மாள் காலையில் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குக் கிளம்பினால் போய்ச் சேர மதியமாகிவிடும். வழியில் எங்கும் நிற்பதில்லை, முழங்காலிலும் கோளாறு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கூடம். மற்றவர்கள் பேச்சுவாக்கில் கடந்துவிடுகிற கூடம். அந்த அம்மாளுக்கு மட்டும் அது ஊருக்கு வெளியே சூலூர்வரை நடக்கிற நடையாக நீண்டுவிட்டது. கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால், தூரத்து வரப்பில் போகிற ஆள் அளவுக்கு அவர் சின்னதாகத் தெரிவார். தண்ணீர் பாட்டிலும் ஒரு டப்பா தயிர்ச்சோறும் எடுத்துக்கொண்டுதான் படுக்கையறையை விட்டே இறங்குவார். உறவுக்காரர்கள் வந்தால் அங்கிருந்தபடியே "வாங்க, வாங்க" என்பார், குரல் சற்றுத் தாமதமாக வந்து சேரும். வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒன்றும் கேட்காமல் மிக்சர் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கணவர் அழகிரிசாமி பம்ப் ஃபவுண்டரி நடத்தி ஓய்ந்தவர். அளக்க முடியாதது எதையும் நம்பாதவர். பழைய ஃபிட்டரை வரவழைத்துக் கூடத்தை டேப் பிடித்துப் பார்த்தார், கட்டும்போது இருந்த அளவே இருந்தது. டாக்டர்கள் தலையைப் படம் எடுத்தார்கள், வயதுக்கு ஏற்ற தலை என்றார்கள். இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. தூரம் கூடக் கூட, இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பிக்கொண்டார், அவ்வளவுதான். காபி ஆறிப்போய் வருகிறதென்று அழகிரிசாமி பல மாதம் சத்தம் போட்டிருக்கிறார். கொதிக்கக் கொதிக்கக் கலந்து, டம்ளரைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பாதி வழியிலேயே அது ஆறுவதைப் பார்த்தபடி அவள் நடந்திருக்கிறாள் என்பது புரிந்த அன்று, அவர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

டல்லாஸில் இருக்கும் மகள் பிரத்யுஷா வாரக் கடைசிகளில் போனில் வந்து, முதியோர் குடியிருப்புகளின் படங்களாக அனுப்பித் தள்ளினாள். "அப்பா, நாளைக்கு உங்களுக்கே ஒண்ணுன்னா யாருப்பா பாப்பாங்க? எல்லா நிலைக்கும் ஒரே எடத்துல வசதி இருக்கணும், அதப் பாத்துக்கங்க" என்பதுதான் அவள் பாட்டு. அழகிரிசாமி காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். பெண் பார்க்கப் போகிறவரின் மிடுக்கோடு போவார், தாமே பெண் பார்க்கப்பட்டவர் மாதிரி திரும்பி வருவார். ஒரு இடத்தில் சாம்பாரில் புளி தூக்கல். இன்னொன்றில் விமானப்படை விமானம் தலைக்கு மேலேயே போயிற்று. வேறொன்றில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவரைப் பார்த்து, "கூட்டிட்டுப் போக வந்துட்டியா தம்பி?" என்று எழுந்துவிட்டார். அழகிரிசாமி அப்படியே காருக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியில் கிணத்துக்கடவுப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த நிழற்கூடல் என்ற இடம் தேறியது. அங்கே மூன்று நிலைகள். தன்னால் எல்லாம் முடிந்தவர்களுக்குத் தனித்தனிச் சிறு வீடுகள் முதல் நிலை. குளிக்கவும் மாத்திரை போடவும் ஆள் வேண்டியவர்களுக்கு மாடிக் கட்டடம் இரண்டாம் நிலை. எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியவர்களுக்குப் பின்னால் இருந்த நீண்ட ஓட்டுக் கட்டடம் மூன்றாம் நிலை. பொறுப்பாளர் ஜெனிதா பல வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மூன்றாவதுக்குப் போனவர்கள் திரும்பி முதலாவதுக்கு வந்ததுண்டா என்று அழகிரிசாமி கேட்டார். "நான் இருக்கற வரைக்கும் இல்லீங்கப்பா" என்றார் ஜெனிதா. பொய் சொல்லாத பெண் என்று அழகிரிசாமிக்குப் பிடித்துப்போயிற்று.

சேர்க்கும் முன்பு இருவரையும் எதிரில் உட்காரவைத்து விசாரிப்பது அங்கே வழக்கம். "நடக்கறதுல ஏதாச்சும் சிரமம் இருக்குங்களாம்மா?" என்று ஜெனிதா கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க கண்ணு, நல்லாத்தானுங்க இருக்கறேன். நீங்க காப்பி குடிச்சீங்களா?" என்றார் ராமாமணி அம்மாள். இதில் அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு என்றாலும் சுபாவம் அசல் கொங்குச் சுபாவம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கூட, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சௌரியமுங்க என்றுதான் சொல்வார். கேட்டவர் மனசைக் கஷ்டப்படுத்தக் கூடாதல்லவா! பக்கத்திலிருந்த அழகிரிசாமியும் வாயைத் திறக்கவில்லை. வீடு சின்னதானால் தூரமும் சின்னதாகிவிடும் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். இருவருக்கும் முதல் நிலை கிடைத்தது.

கணக்கு பொய்த்தது. சின்ன வீட்டிலும் தூரம் குறையவில்லை, போதாததற்குப் புல்வெளி ஒன்று சேர்ந்துகொண்டது. அதற்கு அந்தப் பக்கம்தான் சாப்பாட்டுக்கூடம். ராமாமணி அம்மாள் மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே கிளம்பி, சாயங்காலம் சுண்டல் கொடுக்கும்போது போய்ச் சேர்ந்தார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். தள்ளிய பணியாள் தமிழ்வேந்தன் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது, அம்மாள் வெகுதூரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். அழகிரிசாமி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பார்த்தார். நாலு எட்டில் அவர் மட்டும் அக்கரையில் இருந்தார், கையில் அவள் கை இல்லை. யாராலும் அந்தத் தூரத்தை அவளுக்காக நடந்து தீர்க்க முடியவில்லை. மற்ற குடித்தனக்காரர்கள் காலை நடையில் அம்மாளைத் தாண்டிப் போகும்போதும் வரும்போதும் வணக்கம் வைத்தார்கள். சுடுதண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், புல்வெளி நடுவில் மைனா அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்த ராமாமணி அம்மாள் தெரியாமல் போனார். அழகிரிசாமி குடைகூட எடுக்காமல் ஓடினார். அந்தப் புல்வெளியை அவர் குறுக்கும் நெடுக்கும் எத்தனை தடவை கடந்தார் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அது சட்டென்று முடிந்துபோயிற்று. தூரம் அவருக்கும் நீண்டிருந்தால் தேடவாவது இடம் இருந்திருக்கும். மறுநாள் விடிந்து மழை விட்டபோது அம்மாள் சொட்டச் சொட்ட வேப்பமரத்தடியில் நடந்து வந்துகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "வந்துட்டேதானுங்க இருக்கறேன், நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

ஜெனிதா அன்றைக்கே அவரை மூன்றாம் நிலைக்கு மாற்றினார். எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிலைச் சுற்றி வைத்தார்கள். முதல் நிலைக்காரர்கள் அங்கே தங்க முடியாது என்பது சட்டம். அழகிரிசாமி தினம் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவர் நடைக்கு அது இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் தை மாதத்தில் ஒரு நாள், கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, ராமாமணி அம்மாள் வாசல்பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார். "வந்துட்டன் அம்மணி, இங்கதான் இருக்கறன்" என்று அழகிரிசாமி காதோடு சொன்னார். அவர் சொன்னது வந்து சேருவதற்குள் அம்மாள் தூங்கிவிட்டார். தூரம் கட்டில்வரை வந்துவிட்டது என்று அழகிரிசாமிக்கு அப்போது விளங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் அவள் பார்வைக்கே எட்டாமல் போய்விடுவாள். இப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து அவளைத் தொலைக்கப் போகிறோமே என்று பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

தன்னையும் மூன்றாம் நிலையில் சேர்த்துக்கொள்ளும்படி மறுநாள் கேட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இந்த இருதயத்தோடு மருதமலைப் படி ஏறலாம் என்றார். பிரத்யுஷா போனில் அழுதாள். நல்லா இருக்கிற மனிதர் எதற்குப் போய் அங்கே படுக்க வேண்டும் என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அழகிரிசாமிக்கும் தன் கால்கள்மேல் ஆசை இருந்தது. விடியலில் தோப்பைச் சுற்றி வேகமாக நடப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த கர்வம். ஜெனிதா அவரை எதிரில் உட்காரவைத்து, எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார். "ஏதாச்சும் சிரமம் இருக்குங்களாப்பா?"

அழகிரிசாமி மேஜையைப் பார்த்தார். மாமனார் செத்தபோதும், ஃபவுண்டரியில் உலை வெடித்தபோதும், மகன் உதய் சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியா போனபோதும் கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றுமில்லீங்க என்றே சொல்லிப் பழகிய வாய் அது.

"எனக்கு முடியலீங்க" என்றார்.

சொல்லி முடித்து எழுந்தபோது, அறைக் கதவு ஈரோட்டு ரோட்டின் கடைசி விளக்குக்கம்பம் மாதிரி எங்கோ தெரிந்தது. அழகிரிசாமி பயந்துபோனார். கொஞ்ச நேரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஜெனிதா அவருக்குப் பின்னாலேயே ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பினார். இருட்டும்போது அவர் மூன்றாம் நிலைக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது இருவருக்கும் ஒரே அறை, இரண்டு கட்டில். கட்டில்களை ஒட்டிப் போட்டுப் பார்த்தார்கள், தூரம் குறையவில்லை. அதனால் பழையபடி சுவரோரமாகவே போட்டுவிட்டார்கள். காலையில் பல் துலக்கியதும் இவர் இந்தக் கட்டிலிலிருந்தும் அந்த அம்மாள் அந்தக் கட்டிலிலிருந்தும் கிளம்புகிறார்கள். இவர் பாதி, அவர் பாதி என்பதால் மதியத்துக்குள் நடுவில் சந்தித்துவிட முடிகிறது. அங்கே ஜெனிதா இரண்டு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார், சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பிரத்யுஷா போன மாதம் வந்து பார்த்தாள். முதல் நாள் அழுதாள், மறுநாள் தனக்கும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அழகிரிசாமியும் அம்மாளும் பழைய சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுகிறார்கள், ரசம் சுடுகிறது என்கிறார்கள். வெயில் சாயத் தொடங்கியதும் அவரவர் கட்டிலுக்குத் திரும்பக் கிளம்ப வேண்டியிருக்கிறது. மழை வருகிற மாதிரி இருந்தால் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே எழுந்துவிடுகிறார்கள்.